சிபேப் கருவியுடன் உறங்கப் பழகுதல்: பரிசோதனை முதல் பயணம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஏழு ஆண்டுகளாக நான் சிபேப் கருவியுடன் உறங்குகிறேன். உறக்க மூச்சுத்தடை உள்ளவர்களின் காற்றுப்பாதை அடைபடாமலிருக்க, முகத்தில் அணியும் மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தும் கருவி அது. இந்தக் காலத்தில் உறவினர், உடன் வேலை செய்தவர், அண்டை வீட்டார் எனப் பத்துப் பன்னிரண்டு பேருக்காவது அவர்களுடைய முதல் சில வாரங்களில் அருகிலிருந்து உதவியிருக்கிறேன். கருவியைப் பாதியில் கைவிட்டு அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவைத்தவர்களிடம் ஒரே பிழையைத்தான் திரும்பத் திரும்பக் கண்டேன்: எல்லாரும் கடைசிப் படியிலிருந்து தொடங்கினார்கள். கருவி வீட்டுக்கு வந்த அன்றிரவே அதை மாட்டிக்கொண்டு விடியும்வரை உறங்கிவிட முயன்றார்கள். மூக்கு அடைத்திருந்தது, மாஸ்க் பொருந்தவில்லை, எதிரே வீசும் காற்றில் மூச்சை வெளியே விடவும் பழகியிருக்கவில்லை. ஆனால் பழி முழுவதும் கருவியின் மேல் விழுந்தது.

மூக்கு, மாஸ்க், காற்று, நேரம் என்பதே சரியான வரிசை. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் அமைந்தவை. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப்பாதை அடைபடும் மூச்சுத்தடை வகைக்கே இவை பொருந்தும். மூச்சு விடுமாறு மூளை ஆணையிடத் தவறும் வகையிலும், கடுமையான நுரையீரல் நோய் உடன் இருக்கும்போதும் வேறு வகைக் கருவியோ அமைப்போ தேவைப்படலாம் என்பதால், அத்தகையோர் மருத்துவர் சொல்லாமல் எதையும் மாற்றக் கூடாது. முகக்கவசம் என்றால் கொரோனா காலத்துக் கவசம் நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆகவே மருத்துவமனையில் எல்லாரும் சொல்வதுபோல் மாஸ்க் என்றே எழுதுகிறேன்.

1. கருவிக்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

சிங்கப்பூரில் அரசு மானியத்துடன் நிபுணரைப் பார்க்க விரும்புகிறவர் பலதுறை மருந்தகத்தில் தொடங்கிப் பரிந்துரைக் கடிதம் பெறலாம். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, சாங்கிப் பொது மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்றவற்றில் உறக்கப் பரிசோதனை செய்கிறார்கள். முதல் சந்திப்புக்குப் போகும்போது, உங்கள் உறக்கத்தைப் பதிவுசெய்த இரண்டு நிமிடக் காணொளி ஒன்று கைப்பேசியில் இருக்கட்டும். குறட்டை திடீரென நின்று, சிறிது நேரம் அமைதி நிலவி, பிறகு திணறலுடன் மூச்சு திரும்பும் ஒலி அதில் பதிவாகியிருந்தால், அரை மணி நேர விளக்கத்தைவிட அது மருத்துவருக்குப் பயன்படும். தனியறையில் இருப்பவர்கள் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்து ஒலியை மட்டுமாவது பதிவுசெய்யலாம்.

பரிசோதனை மருத்துவமனையில் ஓர் இரவு தங்கியோ வீட்டுக்கு எடுத்துச்செல்லும் சிறு கருவியாலோ நடக்கும். மருத்துவமனையில் தங்குவதானால், முதல் நாளே தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் தடவாமல் செல்லுங்கள். தலையில் ஒட்டும் உணர்விகள் எண்ணெயில் வழுக்கினால் மூளை அலைகள் சரியாகப் பதிவாகா. விரல் நுனியில் உயிர்வாயு அளவை எடுப்பதால் நகச்சாயத்தையும் அகற்றிவிட வேண்டும்.

முடிவறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். அதில் ஏ.எச்.ஐ. என்ற எண் இருக்கும். மூச்சு முழுவதும் நின்றதும் பெருமளவு குறைந்ததுமாக, குறைந்தது 10 வினாடி நீடித்த நிகழ்வுகள் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எத்தனை என்பதே அந்த எண். 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரமானது, 30க்கு மேல் கடுமையானது. இரவில் உயிர்வாயு எந்த அளவுவரை இறங்கியது என்பதையும் பாருங்கள். பிறகு கருவி காட்டப்போகும் எண்ணை இவற்றோடுதான் ஒப்பிட வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக வேண்டியது அழுத்தச் சீட்டு. பெரும்பாலான கருவிகள் 4 முதல் 20 செ.மீ. நீரழுத்தம்வரை தரக்கூடியவை, அந்த எல்லைக்குள் உங்களுக்கு ஒரே அளவா, கருவியே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் தானியங்கி முறையா, எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை என்பதை மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது விலைக்கு முன்னதாக ஒரு கேள்வி கேளுங்கள்: மாஸ்க் பொருந்தாவிட்டால் மாற்றித் தருவீர்களா? என் மைத்துனர் ஒருவர் நல்ல கருவியை மலிவாக வாங்கினார். மாஸ்க்கைத் திறந்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். கருவி வேலை செய்தது. அவர் ஒரு மாதம் அதைத் தொடவில்லை. வாடகைக்கோ முன்சோதனைக்கோ தருகிறவர்கள் இருந்தால் முதலில் அப்படிப் பயன்படுத்திப் பார்ப்பதே மேல்.

பழைய கருவியை இணையத்தில் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. 2021 ஜூன் மாதத்தில் ஃபிலிப்ஸ் நிறுவனம், உள்ளிருக்கும் ஒலித்தடுப்பு நுரைப்பஞ்சு சிதைந்து துகள்கள் மூச்சில் கலக்கக்கூடும் என்பதால், பல வகைக் கருவிகளை உலகளவில் திரும்பப் பெற்றது. அத்தகைய கருவி ஒன்று கைமாறி வந்தால் வாங்குகிறவருக்கு அது தெரியாமலே போகலாம். மேலும், அதில் பதிவாகியிருப்பது முந்தைய உரிமையாளரின் அழுத்தம்.

2. மூக்கை முதலில் சரிசெய்தல்

இந்தப் படியைப் பெரும்பாலானோர் தாண்டிவிடுகிறார்கள். மூக்கு அடைத்திருந்தால் வாய் தானாகத் திறக்கும். வாய் திறந்தால் காற்று அதன் வழியே வெளியேறும். தொண்டை வறண்டு நள்ளிரவில் விழிப்பு வரும். இதற்கு மாஸ்க்கை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. படுக்கைத் தூசியில் வாழும் நுண்பூச்சிகளால் வரும் மூக்கு ஒவ்வாமை சிங்கப்பூரில் மிகப் பரவலானது. காலையில் எழுந்தவுடன் தொடர்ந்து தும்முகிறவர்கள் கருவி வருமுன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது எளிய தொடக்கம். அதற்குக் கொதிக்கவைத்து ஆறிய நீரையோ காய்ச்சி வடித்த நீரையோ பயன்படுத்துங்கள். குழாய்நீர் குடிக்கத் தகுந்ததாக இருந்தாலும் மூக்கினுள் நேரடியாகச் செலுத்தத் தகுந்ததன்று. மருத்துவர் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பு தந்தால், அதன் முழுப் பயன் தெரியச் சில நாள்கள் முதல் இரண்டு வாரம்வரை ஆகலாம் என்பதை நினைவில் வைத்து, கருவி வருவதற்கு முன்பே தொடங்குங்கள். அடைப்பை உடனே திறக்கும் வகைத் தெளிப்புகள் வேறு. அவற்றைச் சில நாள்களுக்கு மேல் பயன்படுத்தினால், நிறுத்தும்போது அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

நம் வீடுகளில் மூக்கடைப்பு என்றவுடன் கோடாலித் தைலத்தைத்தான் கை தேடும். மாஸ்க் அணியும் இரவுகளில் மூக்கைச் சுற்றி எந்தத் தைலமும் வேண்டாம். எண்ணெய்ப்பசை, மாஸ்க்கில் முகத்தைத் தொடும் சிலிக்கோன் மெத்தையைக் கெடுக்கும். மாஸ்க்கினுள் அடைபட்ட நெடி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். தைலத்தை, காற்றை ஈரப்படுத்தும் கருவியின் நீர்த்தொட்டியில் சொட்டவிட்ட பெரியவர் ஒருவரையும் நான் அறிவேன். அந்தத் தொட்டியைப் பிறகு எத்தனை முறை கழுவியும் நெடி போகவில்லை, புதிது வாங்க வேண்டியதாயிற்று.

3. மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துதல்

மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்துவது, மூக்கை முழுவதும் மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என மூன்று வகைகள் பொதுவானவை. 'நான் வாயால் மூச்சு விடுகிறேன்' என்று சொல்லிப் பலர் நேரே மூன்றாவது வகையைக் கேட்கிறார்கள். மூக்கு திறந்தபின் வாயும் மூடிக்கொள்வது வழக்கம் என்பதால், மருத்துவர் வேறு சொல்லாதவரை மூக்கு மாஸ்க்கிலிருந்து தொடங்குவதே நல்லது. பெரிய மாஸ்க்குக்கு முகத்தில் தொடும் பரப்பு அதிகம். பரப்பு அதிகமானால் கசியும் இடங்களும் அதிகம். தாடை அசையும்போதெல்லாம் அது இடம்பெயரும்.

கடையில் காட்டும் படங்களில் இருப்பவர்களுக்கு மீசை இருப்பதில்லை. அடர்ந்த மீசை வைத்திருப்பவர்களுக்கு மூக்கை மூடும் மாஸ்க்கின் கீழ்விளிம்பு மயிரின் மேல் உட்கார்ந்து கசியும். துளைகளில் பொருந்தும் வகையோ மூக்கின் அடிப்பகுதியைத் தாங்கும் வகையோ அவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவரும். மீசையை எடுத்துவிடத் தயாராக இருந்த ஒருவரை நான் தடுத்திருக்கிறேன். அவருக்கு மாஸ்க்கின் வகைதான் மாற வேண்டியிருந்தது.

மூக்குத்தி அணியும் பெண்களுக்கு இதே சிக்கல் வேறு இடத்தில் வரும். திருகாணி மாஸ்க்கின் மெத்தையைத் தள்ளிக் கசிவை உண்டாக்கும். தோலிலும் அழுந்திப் புண்ணாக்கும். கழற்ற மனமில்லாதவர்கள், கடைக்குப் போகும்போது மூக்குத்தியுடனே போய், அதோடு பொருந்தும் மாஸ்க்கைத் தேட வேண்டும். கழற்றிவிட்டு அளவெடுத்தால் அந்த அளவு வீட்டில் உதவாது. நீண்ட கூந்தலைக் கொண்டையாகப் போட்டுப் படுத்தால் பின்பட்டை மேலே ஏறிவிடும். தளர்ந்த பின்னலாகப் பக்கவாட்டில் விட்டுவிடுவது எளிது. தலையில் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஏனெனில் எண்ணெய் ஏறிய பட்டைகள் வழுக்கி, விரைவில் நெகிழ்ந்துவிடும்.

இதயத்துடிப்பு சீராக்கி, காதினுள் அறுவை மூலம் பொருத்திய கருவி, மூளை இரத்தக்குழாயில் இட்ட உலோகக் கவ்வி போன்றவை உங்களுக்கோ உங்கள் அருகில் உறங்குபவருக்கோ இருந்தால், காந்தக் கொக்கி வைத்த மாஸ்க்கை வாங்காதீர்கள். அத்தகைய காந்தங்கள் இக்கருவிகளிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களே எச்சரித்துள்ளனர். அணைத்துக்கொண்டு உறங்கும் பேரக்குழந்தைக்கும் இது பொருந்தும்.

பொருத்தும் முறைக்கு வருவோம். உட்கார்ந்த நிலையில், காற்று ஓடாமல் பட்டைகளை இறுக்குவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. படுக்கும்போது முகத்தின் தசை பக்கவாட்டில் சரிகிறது, அதோடு காற்று மெத்தையை ஊதுகிறது. இரண்டும் சேர்ந்து பொருத்தம் மாறிவிடுகிறது. ஆகவே பட்டைகளைத் தளர்வாக மாட்டிக்கொண்டு, வழக்கமாக உறங்கும் பக்கத்தில் படுத்து, கருவியை இயக்கி, காற்று வந்தபின் மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை தூக்கி மெதுவாக விடுங்கள். மெத்தை காற்றால் நிரம்பித் தானாகவே இடத்தில் உட்காரும். அதன்பிறகும் கசிந்தால்தான் பட்டையை இறுக்க வேண்டும், அதுவும் இரு பக்கமும் ஒரே அளவில், சிறிது சிறிதாக. காலையில் கன்னத்தில் ஆழ்ந்த கோடுகளோ மூக்குத்தண்டில் சிவப்போ இருந்தால் அது அதிக இறுக்கத்தின் அடையாளம்.

மாஸ்க்கின் முன்புறத்தில் சிறு துளைகள் வழியே எப்போதும் காற்று வெளியேறிக்கொண்டிருக்கும். அது கசிவு அன்று. நீங்கள் வெளிவிடும் கரியமில வாயு போகும் வழி அது. புதியவர் ஒருவர் அந்தத் துளைகளைக் கசிவு என்று நினைத்து ஒட்டுநாடாவால் மூடியிருந்ததை நான் நேரில் பார்த்துப் பதறிப்போனேன். அவற்றை ஒருபோதும் மூடக் கூடாது. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துப் படுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

4. படுக்கையறையை ஆயத்தப்படுத்துதல்

கருவி உங்கள் தலையின் மட்டத்தைவிடத் தாழ்வான, உறுதியான மேசையில் இருக்க வேண்டும். குழாயில் நீர் கோத்தால் அது முகத்துக்கு வராமல் தொட்டிப் பக்கம் வழிந்துவிடும் என்பதே காரணம். தரையில் வைத்தால் தூசியை இழுக்கும். திரைச்சீலையை ஒட்டி வைத்தால் காற்று உள்ளே போகும் வழி அடைபடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் படுக்கையறையில் மின்செருகி சிலவேளை கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் அமைந்துவிடுகிறது. நடைவழியில் கம்பி கிடந்தால் நள்ளிரவில் கழிவறைக்கு எழுபவர் தடுக்கி விழுவார் என்பதால், கட்டிலின் இடத்தை மாற்றுவதா, கம்பியைச் சுவரோரம் கொண்டுபோவதா என்பதை முதல் நாளே முடிவுசெய்யுங்கள்.

ஈரப்பதத் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள். போத்தலில் விற்கும் தாதுநீர் வேறு, காய்ச்சி வடித்த நீர் வேறு; பேரங்காடியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் சிட்டையைப் படித்து எடுங்கள். தாதுக்கள் உள்ள நீர் சூடாகும்போது தொட்டியின் அடியில் வெண்படிவம் சேரும். தொட்டியைக் கருவியிலிருந்து கழற்றிய பிறகே நிரப்ப வேண்டும். கருவியில் இருக்கும்போதே ஊற்றினால் நீர் உள்ளே சிந்தக்கூடும்.

நம் ஊர்க் காற்றில்தான் ஈரம் போதுமே, தொட்டி எதற்கு என்று கேட்பார்கள். குளிர்சாதனம் ஓடும் அறையில் அந்த ஈரம் இருப்பதில்லை. மின்விசிறியுடன் சன்னலைத் திறந்து உறங்குபவர்களுக்கு ஈரப்பதத்தைக் குறைந்த அளவில் வைத்தாலே போதும்.

5. உறங்காமல் பழகுதல்

மாஸ்க் அணிந்தவுடன் மூச்சு முட்டுவதுபோல் தோன்றுவது மிக இயல்பு. முகத்தை ஏதோ மூடிக்கொண்டதென்று உடல் அஞ்சுகிறது. அந்த அச்சத்தைப் படுக்கையில் வைத்துச் சந்தித்தால், படுக்கையே அச்சத்துக்குரிய இடமாகிவிடும். பின்னர் அதை மாற்றுவது கடினம். அதனால்தான் முதல் பயிற்சி கூடத்தில், பகலில், விழித்திருக்கும்போது நடக்க வேண்டும்.

முதலில் குழாயை இணைக்காமல், பட்டையும் போடாமல், மாஸ்க்கைக் கையால் முகத்தில் பிடித்துக்கொண்டு மூச்சு விடுங்கள். விரும்பியபோது எடுத்துவிடலாம் என்ற அறிவே பதற்றத்தைப் பாதியாகக் குறைக்கும். அது எளிதானபின் பட்டையைப் போட்டுக்கொண்டு 20 நிமிடம், வசந்தம் ஒளிவழியில் ஏதேனும் ஒரு நிகழ்ச்சி பார்க்கும் நேரம், அணிந்திருங்கள். மனம் வேறொன்றில் இருப்பது இங்கே முக்கியம். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒவ்வொரு மூச்சையும் எண்ணத் தொடங்கிவிடுவீர்கள். இன்னொரு வழியும் உண்டு: ஒலி 96.8 வானொலியைப் போட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்மூடியிருப்பது.

அடுத்துக் குழாயை இணைத்துக் காற்றோடு பழகுங்கள். மாஸ்க்கை அணிந்துவிட்டுக் கருவியை இயக்குவதைவிட, காற்று மெல்ல ஓடத் தொடங்கியபின் மாஸ்க்கை முகத்துக்குக் கொண்டுபோவது பலருக்கு எளிதாக இருக்கிறது. மூக்கு மாஸ்க் அணிந்தவர்கள் இந்நேரத்தில் பேசவோ வாயைத் திறக்கவோ செய்தால் காற்று மூக்கில் ஏறி வாய்வழியே பீறிட்டு வெளியேறும். முதன்முறை அனுபவிக்கிறவர்கள் திடுக்கிட்டு மாஸ்க்கைப் பிடுங்கிவிடுவார்கள். உதடுகளை மூடி, நாக்கின் நுனியை மேல்பற்களுக்குப் பின்னே அண்ணத்தில் ஒட்டி வைத்துக்கொண்டால் அந்த வழி அடைபடும்.

மூச்சை இழுக்க முயல வேண்டாம், காற்று தானே வரும். உங்கள் வேலை மெதுவாக வெளியே விடுவது மட்டுமே. வெளியே விடும்போது எதிர்ப்பு அதிகமாகத் தெரிந்தால், அவ்வேளையில் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தும் வசதி கருவியில் இருக்கிறதா, அது இயக்கத்தில் உள்ளதா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும், அதை இயக்கத்தான் மறந்திருப்பார்கள்.

கடைசியாக, பகலில் படுக்கையில் படுத்தபடி ஒரு மணி நேரம். இதில் உறங்கிவிட்டால் நல்லது, உறங்காவிட்டாலும் குறையில்லை. இப்படிகளுக்கெல்லாம் சிலருக்கு இரண்டு நாள் போதும், சிலருக்கு இரண்டு வாரம் வேண்டியிருக்கும். என் அத்தைக்குப் பதினோரு நாள் ஆயிற்று. இன்று அவர் என்னைவிட ஒழுங்காக அணிகிறார். அச்சம் எவ்வளவு முயன்றும் அடங்காவிட்டால் மருத்துவமனையில் சொல்லுங்கள். அதற்கெனப் படிப்படியான மனநலப் பயிற்சியும் உண்டு.

6. முதல் 14 இரவுகள்

வழக்கமாக உறங்கும் நேரத்தில், உறக்கம் வந்தபிறகே படுங்கள். ரேம்ப் என்னும் வசதி குறைந்த அழுத்தத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றும். அதை 20 நிமிட அளவில் வைத்துத் தொடங்கலாம். நள்ளிரவில் விழித்து, அழுத்தம் அதிகமாகத் தெரிந்தால், கருவியை அணைத்து மீண்டும் இயக்குங்கள்; அழுத்தம் மறுபடி அடியிலிருந்து ஏறத் தொடங்கும். எரிச்சலில் மாஸ்க்கைக் கழற்றி எறிய வேண்டியதில்லை.

முதலிரவிலேயே முழு இரவும் அணிய வேண்டும் என்று கட்டாயப்படுத்திக்கொள்ளாதீர்கள். ஆனால் ஓர் இரவுகூட முற்றிலும் விட்டுவிடாதீர்கள். முதலில் உறங்கத் தொடங்கும் நேரத்தில் அணிந்து, கழன்றபின் அப்படியே விடுவது பரவாயில்லை. நாலைந்து நாளில், விழித்தால் மீண்டும் அணிவது என்ற வழக்கத்துக்கு வாருங்கள். இரவுக்கு 4 மணி நேரம் என்பது பல இடங்களில் கணக்குக்காக வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. அதோடு நிறுத்திக்கொள்வது தவறு. கனவுகள் வரும் உறக்கநிலை இரவின் பிற்பகுதியில்தான் நீண்டு வருகிறது, அப்போது தசைகள் மேலும் தளர்வதால் பலருக்கு மூச்சுத்தடை அந்நேரத்தில்தான் மிகும். விடிகாலை மூன்று மணிக்குக் கழற்றிவிடுகிறவர் தமக்கு மிகத் தேவையான நேரத்தில் கழற்றிவிடுகிறார்.

பாதுகாவல் பணி, பேருந்து ஓட்டுதல் என முறைமாற்றி வேலை செய்பவர்களுக்கு இரவு என்ற சொல்லே பொருந்தாது. எப்போது உறங்கினாலும் மாஸ்க் வேண்டும். பகலில் நாற்காலியில் சாயும் அரை மணி நேரத்திலும் தொண்டை அடைபடத்தான் செய்யும். பகலில் கண் செருகும் நிலை இருக்கும்வரை வாகனம் ஓட்டலாமா என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் இதை மறைப்பவர்களைப் பார்க்கிறேன். பின்னிருக்கையில் இருப்பவர்களும் அந்த ஆபத்துக்கு உள்ளாகிறார்கள்.

மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். உறக்க மாத்திரைகளும் சில ஒவ்வாமை மாத்திரைகளும் மயக்கம் தருபவை. மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

7. கருவி காட்டும் எண்களைப் படித்தல்

காலையில் திரையிலோ கைப்பேசிச் செயலியிலோ மூன்று எண்களைப் பாருங்கள்: அணிந்த நேரம், கசிவு, ஏ.எச்.ஐ. கசிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கசிவு மிகுந்த இரவில் கருவி ஏ.எச்.ஐ.யைச் சரியாக அளக்க முடியாது, எனவே அந்த எண்ணை நம்பிக் கவலைப்படுவதும் மகிழ்வதும் வீண். ரெஸ்மெட் கருவிகளில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேற்பட்ட கசிவு அதிகம் எனக் கொள்ளப்படுகிறது. மற்ற தயாரிப்புகள் கணக்கிடும் முறை வேறு என்பதால் இரு கருவிகளின் எண்களை ஒப்பிடாதீர்கள்.

கசிவு அடங்கியபின் ஏ.எச்.ஐ. 5க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. ஓர் இரவின் எண்ணைக் கொண்டு எதையும் முடிவுசெய்யாமல் ஒரு வாரச் சராசரியைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று இரவு பொறுத்திருந்து பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மாஸ்க், ஈரப்பதம், தலையணை மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அழுத்தத்தை மட்டும் நீங்களாக மாற்ற வேண்டாம். கூடுதல் அழுத்தத்தால் சிலருக்கு, மூச்சு விடுமாறு மூளை ஆணையிடத் தவறும் மைய வகை மூச்சுத்தடை தோன்றுவதுண்டு.

எண்கள் நன்றாக இருந்தும் பகலில் சோர்வு தீராவிட்டால், போதிய நேரம் உறங்குகிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஐந்து மணி நேரமே உறங்குகிறவருக்குக் கருவியால் மீதி மூன்று மணி நேரத்தைத் தர முடியாது. அதுவும் சரியாக இருந்தால் மருத்துவரிடம் திரும்பிச் செல்லுங்கள். சோர்வுக்குத் தைராய்டு, இரத்தச்சோகை, மனச்சோர்வு என வேறு காரணங்கள் இருக்கலாம்.

8. இடையில் வரும் தொல்லைகள்

குழாயில் நீர் கோத்து முகத்தில் தெறிப்பது நம் நாட்டில் அடிக்கடி வரும் தொல்லை. தொட்டியிலிருந்து வரும் சூடான ஈரக்காற்று, குளிர்சாதனம் ஓடும் அறையில் கிடக்கும் குழாயைத் தொட்டதும் நீராகிறது. ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள், அல்லது அறையின் வெப்பநிலையை ஓரிரு பாகை கூட்டுங்கள். குழாய்க்குத் துணியுறை போடுவதும் வெப்பக் குழாய் வாங்குவதும் அதற்கடுத்த வழிகள். குளிர்சாதனத்தின் காற்று நேரே குழாயின் மேல் விழாமல் பார்த்துக்கொண்டாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது.

வாய் வறட்சிக்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டுக்கும் தீர்வு வேறு. மூக்கும் தொண்டையும் சேர்ந்து வறண்டால் ஈரம் போதவில்லை. வாய் மட்டும் காய்ந்த ஓலைபோல் வறண்டால் வாய் திறந்து காற்று போகிறது. அப்போது மீண்டும் இரண்டாம் படிக்குச் சென்று மூக்கைப் பாருங்கள். அதன்பிறகும் திறந்தால் வாயையும் மூடும் மாஸ்க்குக்கு மாறலாம். வாயில் ஒட்டுநாடா போடும் வழக்கம் இணையத்தில் பரவியிருக்கிறது. மூக்கடைப்பும் வாந்தி வரும் வாய்ப்பும் உள்ளவர்களுக்கு அது ஆபத்து, நான் யாருக்கும் சொல்வதில்லை. குமட்டல் உள்ள இரவில் வாயை மூடும் மாஸ்க்கையும் அணியக் கூடாது.

வயிறு உப்பி, ஏப்பம் வருவது காற்றை விழுங்குவதால். தலைமாட்டைச் சற்று உயர்த்தி, இரவு உணவை முன்கூட்டியே முடித்துக்கொண்டு பாருங்கள். குறையாவிட்டால் அழுத்தத்தை மறுபரிசீலனை செய்யுமாறு மருத்துவமனையைக் கேளுங்கள்.

உறக்கத்தில் தெரியாமலே மாஸ்க்கைக் கழற்றிவிடுவது முதல் மாதத்தில் பலருக்கும் நடக்கிறது. கழன்ற நேரத்தைச் செயலியில் பார்த்து, அதற்குச் சற்றுமுன் கசிவு ஏறியிருக்கிறதா என்று கவனித்தால் காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

9. சுத்தம்

நாள்தோறும் காலையில் மாஸ்க்கின் மெத்தையை இளஞ்சூட்டு நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவி நிழலில் உலர்த்துங்கள்; தொட்டியில் மிஞ்சிய நீரைக் கொட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை குழாயையும் பட்டையையும் கழுவினால் போதும். முகத்தின் எண்ணெய்ப்பசையும் கசிவுக்கு ஒரு காரணம் என்பதால், படுக்குமுன் முகம் கழுவுவதும் இதே வேலையின் ஒரு பகுதி. ஓசோன் கொண்டு சுத்தம் செய்யும் பெட்டிகள் வேண்டாம். அந்த வாயு நுரையீரலுக்கு நல்லதன்று, கருவியின் உட்பாகங்களையும் கெடுக்கக்கூடும்.

காற்றுவடிகட்டியை மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளை வடிகட்டியைக் கழுவக் கூடாது, மாற்ற வேண்டும். புகைமூட்டக் காலத்தில் அது விரைவில் கறுக்கும். அந்த வடிகட்டி நுண்புகைத் துகள்களை முழுவதும் தடுக்காது என்பதால், அந்நாள்களில் சன்னலை மூடி அறையின் காற்றையும் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

10. ஊருக்குச் செல்லும்போதும் மருத்துவமனையில் சேரும்போதும்

கருவியைப் பெட்டியில் போட்டு ஏற்றிவிடாமல் கைப்பையாக எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரின் கடிதம் ஒன்றும் உடன் இருக்கட்டும். புறப்படுமுன் தொட்டியைக் காலிசெய்து உலர்த்த மறந்தவர்களின் கருவிக்குள் நீர் புகுந்த கதைகள் ஏராளம். லித்தியம் மின்கலம் கொண்டுபோவதானால் அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-மணி அளவுக்கு மேல் 160 வரையிலானதற்கு விமான நிறுவனத்தின் முன் ஒப்புதல் தேவை.

தமிழகத்திலும் மின்னழுத்தம் இங்குள்ள 230 வோல்ட்தான், ஆனால் செருகியின் கால்கள் உருண்டை வடிவம், ஆகவே மாற்றுச் செருகி எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்து வீட்டில் மின்தடை வரும் என்றால், இன்வெர்ட்டர் இருக்கும் அறையில் படுங்கள். தொட்டியின் சூட்டை அணைத்துவிட்டால் கருவி இழுக்கும் மின்சாரம் வெகுவாகக் குறையும். உறவினர் நிறைந்த வீட்டில், திருமணத்துக்கு முந்தைய இரவில், கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும்போது கருவியை வெளியே எடுக்கக் கூச்சமாக இருக்கும் என்பதை நான் அறிவேன். சுவரோரமாக ஓர் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கருவியின் ஓசை உங்கள் குறட்டையைவிட மெல்லியது.

அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனையில் சேரும்போது, உங்களுக்கு உறக்க மூச்சுத்தடை இருப்பதை மயக்க மருந்து மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், கருவியையும் மாஸ்க்கையும் எடுத்துச் செல்லுங்கள். மயக்க மருந்தும் கடும் வலிநிவாரணிகளும் தொண்டைத் தசைகளைத் தளர்த்துவதால், அறுவைக்குப் பிந்தைய இரவுகளில்தான் மாஸ்க் மிகத் தேவைப்படும்.

ஏ.எச்.ஐ., அழுத்தம், மாஸ்க்கின் பெயரும் அளவும், பரிசோதனை நடந்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கருவிப் பையிலேயே வையுங்கள். கருவி வெளியூரில் பழுதானால் அங்குள்ள மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்து மாற்றுக் கருவி ஒன்றை அமைத்துத் தர முடியும். கைப்பேசியில் படமெடுத்து வைத்திருக்கிறேன் என்று விட்டுவிடாதீர்கள். மின்சாரம் போன ஊரில் கைப்பேசியும் அணைந்திருக்கும்.